1882: மலை ஏறாத ஆண்டு

ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளை அடுக்கித் தரும் புத்தகங்கள் மேல் எனக்கு ஒரு பழைய மோகம் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மட்டுமல்ல, வரலாறு எழுதுகிறவர்களும் அந்தப் பக்கங்களில்தான் பசியாறிக்கொள்கிறார்கள். அமெரிக்காவைப் பற்றிய இப்படியொரு பட்டியலில் 1882ஆம் ஆண்டைப் பாருங்கள். ஜனவரி 2: ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் டிரஸ்ட் ஒப்பந்தம். ஏப்ரல் 3: கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ் சுட்டுக் கொல்லப்படுகிறான். அதே மாதக் கடைசியில் எமர்சன் மறைவு. மே 6: சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழையக் கூடாதென்ற சட்டத்தில் அதிபர் ஆர்தர் கையெழுத்திடுகிறார். செப்டம்பர் 4: நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்குகிறது. மறுநாள் அதே நகரத்தில் தொழிலாளர் தின ஊர்வலம். டிசம்பர் 16: அரிசோனாவில் ஹோப்பி மக்களுக்கென ஒரு 'ரிசர்வேஷன்'.

இந்தப் பட்டியலுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. இதில் முற்றுப்புள்ளி உண்டு, 'ஆகவே' கிடையாது. மின்விளக்கும், விரட்டப்பட்ட சீனத் தொழிலாளியும், செத்துப்போன கவிஞரும் ஒரே உயரத்தில், ஒரே எழுத்தளவில் நிற்பார்கள். ஒரு நிகழ்ச்சி எந்தத் தேதியில் தொடங்கியதோ அந்தத் தேதியிலேயே அது முடிந்தும் விடுகிறது என்ற பாவனைதான் இந்த வகைப் பிரதியின் அடித்தளம். யாருக்கு நிகழ்ந்தது, எத்தனை நாள் நிகழ்ந்தது, இன்னும் நிகழ்கிறதா என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை.

நம் பக்கத்துப் பட்டியலும் இதற்குச் சளைத்ததல்ல. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கினார். மே மாதம் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். ஆகஸ்டில் சேலத்தில் கலவரம். ஊர்வலப் பாதையில் கட்டப்பட்ட மசூதி ஒன்றை முன்வைத்து எழுந்த அந்தக் கலவரத்தைத் தூண்டியதாகச் சி. விஜயராகவாச்சாரியார் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையானார். டிசம்பர் 11 எட்டயபுரத்தில் பாரதி பிறப்பு. அதே டிசம்பரில் பிரம்மஞான சபை அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தது. கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கரின் புண்ணியத்தில் இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில் ஒரு பாலமும் கிடைத்துவிடுகிறது!

சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் கல்வராயன் மலை கிடக்கிறது. மேற்கே இறங்கினால் அந்த ஆகஸ்டில் கலவரம் நடந்த சேலம். கிழக்கே இறங்கினால் அன்றைய தென் ஆற்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி தாலுகா. இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி உயரத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்த மலையாளிகளுக்கு 1882இல் என்ன நடந்தது? (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது இவர்களின் தோற்றக் கதை.) பட்டியல்களின்படி ஒன்றும் நடக்கவில்லை. மலை அந்த ஆண்டில் இல்லவே இல்லை.

இந்த 'இல்லாமை'யைப் பற்றித்தான் நான் பேச நினைக்கிறேன். விளிம்புநிலை மக்கள் வரலாற்றில் விடுபட்டுப் போனார்கள் என்ற, இப்போது மனப்பாடமாகிவிட்ட வாய்ப்பாட்டை இன்னொருமுறை ஒப்பிப்பதல்ல நோக்கம். (விளிம்புநிலை ஆய்வுகளின் முதல் தொகுதியே 1882க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1982இல்தான் வந்தது.) என் சந்தேகம் வேறு. 1882 கல்வராயன் மலையில் நிகழாமல் போகவில்லை. தாமதமாக நிகழ்ந்தது. தொண்ணூற்றுச் சொச்சம் ஆண்டு தாமதம்.

இதை விளங்கிக்கொள்ள 1882இன் இன்னொரு பட்டியலைப் பார்க்க வேண்டும். தேர்வுப் புத்தகங்களில் வராத, வக்கீல்களுக்கு மட்டுமே தெரிந்த பட்டியல். அந்த ஆண்டின் இரண்டாம் எண் சட்டம் இந்திய டிரஸ்ட் சட்டம். நான்காவது, சொத்து மாற்றுச் சட்டம். ஐந்தாவது, வழிப்பாட்டை, நீர், வெளிச்சம் போன்ற அனுபோக உரிமைகளை வரையறுக்கும் ஈஸ்மெண்ட் சட்டம். இவை மத்தியில் இயற்றப்பட்டவை. சென்னை மாகாணம் தன் பங்குக்கு அதே ஆண்டில் இயற்றிய ஐந்தாம் எண் சட்டம்தான் சென்னை வனச் சட்டம். 1883 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நிலத்தை எப்படி விற்பது, அடுத்தவன் நிலத்தில் எதுவரை நடக்கலாம், ஒருவன் சொத்தை இன்னொருவன் பெயரில் எப்படி வைப்பது, காடு யாருடையது என்ற நாலு கேள்விக்கும் ஒரே ஆண்டில் எழுத்தில் பதில் எழுதப்பட்டுவிட்டது. பாரதி பிறந்த ஆண்டு என்பதைவிடச் சொத்து பிறந்த ஆண்டு என்று 1882ஐச் சொல்வது அதிகப் பொருத்தம்.

கடலுக்கு அப்பாலும் இதே சொல் புழங்கியது வேடிக்கை. ராக்ஃபெல்லர் ஏறத்தாழ 40 கம்பெனிகளின் பங்குகளை ஒன்பது பேரின் 'டிரஸ்ட்'டில் ஒப்படைத்தார். ஆங்கிலேயச் சட்டம் விதவைகளின், அநாதைக் குழந்தைகளின் சொத்தைக் காப்பதற்குப் பயன்படுத்திவந்த ஒரு கருவி, எண்ணெய் முழுவதையும் ஒரே கைக்குள் கொண்டுவரப் பயன்பட்டது. அந்த எண்ணெய் நம்மூருக்கும் வந்தது. ஒரு மரப்பெட்டிக்குள் ஐந்து காலன் தகர டின் இரண்டு. இலுப்பெண்ணெயும் விளக்கெண்ணெயும் எரிந்த இடத்தில் சீமெண்ணெய். எண்ணெய் தீர்ந்த பிறகும் டின் தீரவில்லை. தண்ணீர் எடுக்க, தானியம் கொட்டிவைக்க, பிரித்துக் கூரை வேய என்று நம் வீடுகளில் அது ஒரு நூற்றாண்டு வாழ்ந்தது. 'ரெண்டு டின் தண்ணி' என்று அளவாகவே ஆகிப்போனது. ஆக, அமெரிக்க நிகழ்ச்சி ஒன்று நம் சமையலறை வரை வந்து சேரத்தான் செய்கிறது. பட்டியலுக்குத்தான் அது தெரியாது.

இப்போது 'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு வருகிறேன். கட்டுரையின் கழுத்து இங்கேதான் இருக்கிறது.

1882 டிசம்பர் 16 அன்று அதிபர் ஆர்தர் பிறப்பித்த ஆணை ஒரே ஒரு பத்தி. அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்து வரைபடத்தில் ஒரு நீள்சதுரம் போட்டார்கள். ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். ஆற்றையோ மேட்டையோ ஊரையோ பார்த்துப் போட்ட எல்லை அல்ல, அளவுகோல் வைத்துப் போட்டது. அதற்குள் ஹோப்பிகளின் பழமையான ஊர்கள் இருந்தன, நவஹோக்களும் இருந்தார்கள். உடனடிக் காரணம் ரொம்பச் சின்னது: தனக்குத் தொல்லை கொடுத்த வெளியார் இருவரை வெளியேற்ற அங்கிருந்த ஏஜெண்டுக்கு அதிகாரம் வேண்டியிருந்தது. அந்த ஆணையில் 'உள்துறைச் செயலர் குடியமர்த்தத் தக்கதெனக் கருதும் பிற இந்தியர்களுக்கும்' என்ற பொருளில் ஒரு தொடர் ஒட்டிக்கொண்டது. 1962இல் நீதிமன்றம் அந்தத் தொடரைப் பிரித்துப் பொருள் சொல்லியது. 1974இல் நிலத்தைப் பங்கு போட ஒரு சட்டம் வந்து, கோட்டின் தவறான பக்கம் இருந்த ஆயிரக்கணக்கான நவஹோக்கள் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பட்டியலில் ஒருநாள் நிகழ்ச்சியாக நிற்கும் ஒன்று அந்த நிலத்தில் நூறு ஆண்டு நிகழ்ந்துகொண்டே இருந்தது.

அங்கே மனிதரை ரிசர்வ் செய்தார்கள், இங்கே மரத்தை ரிசர்வ் செய்தார்கள் என்று சாமர்த்தியமாகச் சொல்லிவிடலாம். நானும் கொஞ்ச நாள் அப்படிச் சொல்லித் திரிந்தேன். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டிலும் செயல்படுவது ஒரே உத்திதான் என்பதே முக்கியம். ஒரு கோட்டைப் போட்டு, கோட்டுக்கு முந்தைய வாழ்க்கை முழுவதையும் 'உரிமை கோரல்' என்ற மனுவாக மாற்றுவது. சென்னை வனச் சட்டத்தின் நடைமுறையைப் பாருங்கள். நான்காம் பிரிவின்கீழ் அரசு ஓர் அறிவிப்பு வெளியிடும்: இன்ன நிலத்தைக் காப்புக்காடாக்க உத்தேசித்திருக்கிறோம். வன நிர்ணய அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுவார். ஆறாம் பிரிவின்கீழ் அவர் அக்கம்பக்கத்து ஊர்களில் பறைசாற்றுவார்: உரிமை ஏதும் உள்ளவர்கள் கெடுவுக்குள் வந்து சொல்லுங்கள். வந்தவர்களை விசாரிப்பார். பதினாறாம் பிரிவின்கீழ் இறுதி அறிவிப்பு. வராதவனின் உரிமை? அது அணைந்துபோகும். மூன்று தலைமுறையாக ஆடு மேய்த்தவன், தான் மேய்ப்பது ஓர் 'உரிமை' என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருப்பான். தெரிந்துகொண்ட அன்றே அதை இழந்துமிருப்பான்.

இந்தச் சட்டத்தை எதிர்த்தது காங்கிரசோ சுதேசமித்திரனோ அல்ல, சென்னை அரசாங்கத்தின் வருவாய் வாரியமே என்பது நம் வரலாற்றுப் புத்தகங்கள் அதிகம் பேசாத செய்தி. 1871இல் வாரியம் வைத்த வாதம் நேரடியானது: இந்த மாகாணத்தில் ஏதாவதொரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்று அநேகமாக எதுவும் இல்லை, கிராமத்தார் நினைவுக்கெட்டாத காலம் முதல் அவற்றை அனுபவித்து வருகிறார்கள், ஆகவே காடு முழுவதும் அரசுடையது என்று பேசுவது செல்லாது. வாரியத்துக்கு ஆதிவாசிகள் மேல் பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரி கட்டுகிற குடியானவனை விறகுக்கும் தழைக்கும் தவிக்கவிட்டால் வரி குறையும் என்ற கணக்கு அது. ஆனாலும் அந்த எதிர்ப்பால்தான் 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் சென்னையில் நுழைய முடியவில்லை. பிறகு இம்பீரியல் வனத் துறையின் தலைவரான டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் சென்னைக்கு அனுப்பப்பட்டார். 1882இன் சட்டம் பிறந்தது. ஓய்வுபெற்று பான் நகரத்தில் இருந்த இதே பிராண்டிஸிடம்தான் சில ஆண்டுகளில் கிஃபோர்டு பின்ஷோ என்ற அமெரிக்க இளைஞர் வந்து யோசனை கேட்டுப் போனார். 1905இல் அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவரானவர் அவர். சீமெண்ணெய் அங்கிருந்து இங்கே வந்தது. காட்டை ஆளும் வித்தையில் ஒரு பங்கு இங்கிருந்து அங்கே போனது.

சரி, இந்தச் சட்டம் கல்வராயனில் ஏன் ஏறவில்லை?

சட்டத்தின் மூன்றாம் பிரிவில் விடை இருக்கிறது. 'அரசின் வசமுள்ள நிலம்' எதையும் காப்புக்காடாக்கலாம் என்கிறது அது. கல்வராயன் மேட்டுநிலம் அரசின் வசம் இல்லை. தென் ஆற்காட்டுப் பக்கத்தில் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்கள். சேலத்துப் பக்கத்தில் பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று இரண்டு. கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்று வழங்கிவரும் கதைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கம்பெனி வருவதற்கு வெகுமுன்பிருந்தே மலை பாளையக்காரர்களின் வசத்தில்தான் இருந்தது. வெள்ளையர்கள் அதைக் கலைக்க மெனக்கெடவும் இல்லை. சேர்வராயனில் காப்பி விளைந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே அங்கே காப்பிச் செடி ஏறிவிட்டது, பின்னால் பங்களாக்களும் ஏறின. கல்வராயனிலோ மலைக்காய்ச்சல். கெஜட்டியர் எழுதிய துரைமார்கள் எட்ட நின்று பார்த்து, காய்ச்சலையும் ஜாகீர்தாரர்களையும் பற்றிச் சில பக்கங்கள் எழுதிவிட்டு இறங்கிப் போனார்கள். அடிவாரத்தில் அரசின் வசமிருந்த காடுகள் ரிசர்வ் ஆயின. மேலே உள்ளது தனி உலகமாக நின்றது.

'தனி உலகம்' என்றதும் நம்மில் சிலருக்குக் கண் ஈரமாகிவிடும். அரசு தொடாத ஆதி சமூகம், பொது நிலம், கூட்டு வாழ்க்கை! தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களில் இந்த ஈரம் கொஞ்சம் அதிகமாகவே கசிந்தது. நான் மறுக்கிறேன். ஜாகீர் என்பது அரசின் இன்மை அல்ல, அரசின் குத்தகை. மலையில் நிலத்தை அளக்கவில்லை, உழைப்பை அளந்தார்கள். ஏர் வைத்து உழுவது உழவுக்காடு, சரிவில் கொத்தால் கொத்தி விதைப்பது கொத்துக்காடு. ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்று வரி. பட்டா கிடையாது, சர்வே கல் கிடையாது, ரசீது உண்டா இல்லையா என்பது கவுண்டர் வீட்டின் மனநிலையைப் பொறுத்தது. மலையிலிருந்து இறங்கிய கடுக்காய் தோல் பதனிடவும் சாயத்துக்கும் சந்தைக்குப் போனது; பொறுக்கியவன் கைக்கு வந்தது சொற்பம். இதற்கு மேல் ஜாகீர்தாரருக்குக் கூலியில்லாமல் வேலை செய்துகொடுக்க வேண்டும். இந்த மக்கள் கொத்தடிமைகளைப் போலவே நடத்தப்பட்டார்கள் என்று 2024இல் உயர்நீதிமன்றத்தின் முன் சொல்லப்பட்டது. வனச் சட்டம் ஏறாததால் மலை சுதந்திரமாக இருந்தது என்று யாராவது சொன்னால், அவரை ஒரு வாரம் கொத்துக்காட்டில் குனிய வைக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. ஜாகீர்தாரர் கேட்டது உழைப்பை. எங்கே விதைக்கிறாய், எந்தச் சரிவில் மாட்டை ஓட்டுகிறாய், எந்த மரத்தடியில் சாமி கும்பிடுகிறாய் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. வனச் சட்டம் கேட்பது இடத்தை. ஒன்று முதுகை முறிக்கும், இன்னொன்று காலடியை உருவும்.

வெள்ளிமலைப் பக்கத்து முதியவர்களிடம் பேசிப் பார்த்தால், காலத்தை இரண்டாகத்தான் பிரிக்கிறார்கள். 'ஜாகீர் காலத்துல' என்பார்கள். இல்லாவிட்டால் 'கவர்மெண்டு வந்த பெறகு'. இந்தப் பிரிப்பில் 1947 என்ற ஆண்டு இல்லை. வெள்ளைக்காரன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நாம் சுதந்திரத்துக்கு முன், பின் என்று பேசுகிறோம். அவர்கள் கவர்மெண்டுக்கு முன், பின் என்று பேசுகிறார்கள். அவர்களின் காலக்கணக்கு நம்முடையதைவிடத் துல்லியமானது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கவர்மெண்டு வந்தது 1976இல். 1963ஆம் ஆண்டின் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், எண் 26, மலையைத் தொடுவதற்குப் பதின்மூன்று ஆண்டு பிடித்தது. இடையில் ஜாகீர்தாரர்கள் வழக்காடினார்கள். கடைசியில் நெருக்கடி நிலைக் காலத்தில், தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது, ஜாகீர்கள் கையகப்படுத்தப்பட்டன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே 1976தான். பட்டியல் சாதி, பழங்குடி ஆணைகளைத் திருத்திய சட்டமும் அதே ஆண்டு. அதில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் என்று எழுதியிருக்கிறது. தென் ஆற்காடு என்ற மாவட்டம் 1993இல் பிரிந்து போயிற்று; கள்ளக்குறிச்சியே 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது. பழங்குடிப் பட்டியலில் மட்டும் தென் ஆற்காடு சாகாமல் இருக்கிறது. அரசின் காகிதத்தில் காலம் எப்படி ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எஸ்டேட் ஒழிப்பு முற்போக்கான சட்டம்தான். உழுதவனுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைக்க வழிசெய்த சட்டம். அதன் மூன்றாம் பிரிவு சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: எஸ்டேட் முழுவதும், அதிலுள்ள பொது நிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல், காடு, சுரங்கம், நீர்நிலை எல்லாம் உட்பட, அரசிடம் சேரும். அந்த ஒரே வாக்கியத்தில் கல்வராயன் மேட்டுநிலம் 'அரசின் வசமுள்ள நிலம்' ஆயிற்று. 1882ஆம் ஆண்டின் மூன்றாம் பிரிவு எந்த நிலத்துக்காக வாசலில் காத்திருந்ததோ, அந்த நிலம் வந்து சேர்ந்தது. உழவுக்காட்டில் ஒரு பகுதியைப் பட்டாவில் எழுதலாம். நிலையான உழவு, நிலையான எல்லை. கொத்துக்காட்டை என்ன செய்வது? இந்த ஆண்டு விதைத்து, அடுத்த சில ஆண்டு தழைக்க விட்டு, மறுபடி வரும் நிலம் அது. தழைத்து நிற்கும் ஆண்டில் அளக்க வந்தவன் கண்ணுக்கு அது காடு. அளக்கிறவன் எந்த மாதத்தில் வந்தான் என்பதில் ஒரு குடும்பத்தின் உரிமை அடங்கிப்போயிற்று. நிலவுடைமையாளனை ஒழித்த சட்டமே வனத் துறையைக் கூட்டிக்கொண்டு வந்தது என்ற இந்த முரண்பாட்டை நம் இடதுசாரி வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒழுங்காகப் பேசவில்லை.

1882 சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்த மலைகளில் என்ன ஆயிற்று என்று பக்கத்திலேயே பார்க்கலாம். கல்வராயனுக்கு வடமேற்கே சித்தேரி மலை. அதன் அடிவாரத்து வாச்சாத்தியிலும் மலையாளிகள்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊர் சூறையாடப்பட்டது. 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காட்டில் நிற்பதே குற்றம் என்ற ஒரு நூற்றாண்டுப் பழக்கம் இல்லாமல், அப்படி ஒரு ஊருக்குள் அப்படி ஒரு படை அவ்வளவு கூசாமல் நுழைந்திருக்காது.

கல்வராயனுக்கு நம் நாளிதழ்களின் 'முக்கிய நிகழ்ச்சிகள்' பட்டியலில் கடைசியாக இடம் கிடைத்தது 2024இல். அந்த ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் மலையில் காய்ச்சுகிற சரக்கல்ல, தொழிற்சாலை ரசாயனம். ஆனாலும் செத்தது கீழே, சோதனை மேலே என்றாயிற்று. ஊறல் அழிக்கும் படைகள் மலையேறின. அடுத்த மாதம் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவமனை, ரேஷன் என்று கேள்விகள் எழுந்தன. ஜாகீர் வரலாறு அப்போதுதான் கீழே உள்ளவர்களின் காதில் விழுந்தது. ஒரு மலையின் வரலாற்றைக் கேட்க நமக்கு அறுபது பிணம் தேவைப்பட்டிருக்கிறது.

நிலக் கேள்வி அந்தப் பரபரப்பில் பின்னுக்குப் போயிற்று. 2006இன் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுதுவரும் பழங்குடிகளின் உரிமையை அங்கீகரிக்கச் சொல்கிறது. 1882இன் கணக்கைத் திருப்பி எழுத முனைந்த சட்டம் என்று இதைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் இதற்கும் தாமதம். 2008இல் உயர்நீதிமன்றம் விதித்த தடையால் 2016 வரை உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்தது. இதற்கிடையில் சாமையும் தினையும் சுருங்கி, குச்சிக்கிழங்கு மலையில் பரவியது. கிழங்கு லாரியில் சேகோ ஆலைகளுக்கு இறங்குகிறது. அதற்குப் போதாதென்று ஆட்கள் பஸ்ஸில் காப்பித் தோட்டங்களுக்கு இறங்குகிறார்கள். நிலத்தில் தங்கியிருந்தால்தான் உரிமை கோர முடியும். கோரிய உரிமை வரும்வரை அந்த நிலத்தில் தங்கிப் பிழைக்க முடிவதில்லை.

அந்தச் சட்டத்தின் விதிகளில் பதின்மூன்றாவது விதி, உரிமை கோருகிறவர் எவற்றையெல்லாம் ஆதாரமாகக் காட்டலாம் என்று வரிசைப்படுத்துகிறது. கெஜட்டியர்கள், மக்கள்தொகைக் கணக்கு, சர்வே அறிக்கைகள் முதலில் வருகின்றன. மலையை எட்ட நின்று பார்த்த அதே துரைமார்களின் புத்தகங்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை வருகின்றன. வீடு, குடிசை, நிலத்தைத் திருத்திய அடையாளங்கள், கிணறு, இடுகாடு வருகின்றன. பழைய சமஸ்தானங்களும் அவை போன்ற இடைத்தரகர்களும் கொடுத்த ஆவணங்கள் வருகின்றன. கவுண்டர் வீட்டு ரசீதை யாராவது பத்திரப்படுத்தியிருந்தால் இங்கே உதவும். வரிசையில் கடைசியாக நிற்பது, உரிமை கோருபவர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலம், எழுத்தில் பதிந்தது. அளக்கப்படாத மலையில், கொத்துக்காடு எது, யாருடையது, எந்தச் சரிவு வரை என்பதற்குப் பல ஊர்களில் இதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஜாகீர் காலத்தில், 1976க்கு முன்னால், ஏர் பிடிக்கிற வயதில் இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.